விளம்பரப் பக்கங்கள்

என் அண்ணனின் பழைய வணிக இதழ்களைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆண்டுக்கு ஒரு தொகுதியாகச் சிவப்புத் தோலில் பைண்டு செய்து, முதுகில் தங்க எழுத்து போட்டு வைத்திருக்கிறான். என்னிடம் இருந்ததும் அதே இதழ்கள்தான். ஆனால் ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்து, அட்டை தொங்கி, சணல் கயிற்றுக் கட்டுகளாகக் கூடம் முழுக்கக் கிடக்கும். ஊரார் கணக்கையெல்லாம் ஒழுங்குபடுத்தும் ஆடிட்டரான என் வீட்டு லட்சணம் இது.

நகர நூலகம் பொருளாதார வரலாற்றுக்கென்று ஓர் அறை ஒதுக்கியது. ஒருவருடைய சேகரிப்பைத்தான் எடுத்துக்கொள்வார்களாம். அண்ணனும் மனு போட்டான், நானும் போட்டேன். அவனுக்கு அது கௌரவப் பிரச்சினை. எனக்கு அப்படியல்ல. அடுத்த மாதம் நாங்கள் இதைவிடச் சிறிய வீட்டுக்கு மாறுவதாக இருந்தது. என் கணவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நூலகத்துல எடுத்துக்கலேன்னா பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"உங்க உடற்பயிற்சி சைக்கிள் மட்டும் வருமாக்கும்? அதுமேல துணிதானே காயப்போடறீங்க?"

மனிதர் அசையவில்லை.

தேர்வு நாளில் நூலகர் அம்மா எங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். அண்ணன் தன் தொகுதிகளை அடுக்கிவிட்டு என் கட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடி குள்ளி, மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டின் கயிற்றை அவிழ்த்தேன்.

நூலகர் ஒன்றுதான் கேட்டார். "பெரிய தட்டுப்பாடு வந்துச்சே, அந்த வருஷம் ஜனங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னு காட்டுங்க."

அண்ணன் சட்டென்று தொகுதியைத் திறந்தான். தலையங்கம் உற்பத்தி உயர்வைப் பாராட்டியது. அடுத்த பக்கத்தில் ஆலை முதலாளிகளின் விருந்து. புரட்டப் புரட்ட அதே பாட்டுத்தான். அந்த வருடம் ஊரே ஏப்பம் விட்டதுபோல் இருந்தது.

நான் அதே மாதத்து இதழை எடுத்தேன். கட்டுரைகளைத் தொடவேயில்லை, நேராக விளம்பரங்களுக்குப் போனேன். இனி பாதி அளவுக் கட்டிதான் கிடைக்கும், மன்னிக்கவும் என்று சோப்புக் கம்பெனி கைகூப்பியிருந்தது. இன்று பதிந்தால் இரண்டு வருடத்தில் வண்டி என்றது சைக்கிள் கம்பெனி. பிஸ்கட் கம்பெனி காலி டப்பாவைத் திருப்பிக் கேட்டது. நைந்த சட்டைக் காலரைத் திருப்பிவைத்துத் தைப்பது எப்படி என்று தையல் மெஷின்காரர்கள் படமே போட்டிருந்தார்கள்.

நூலகர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதெல்லாம் உங்க தொகுதியில எங்க சார்?"

அண்ணன் தொகுதியை மூடினான். "பைண்டு பண்றப்ப விளம்பரத்தையெல்லாம் எடுத்துடச் சொன்னேன். ரொம்பத் தடிமனா வருதுன்னு..."

"கட்டுரையில என்ன வேணா அளக்கலாம் அம்மா," என்றேன். "சரக்கு இல்லாத கடைக்காரன் வாங்க வர்றவங்ககிட்ட அளக்க முடியாது."

சோப்பு விளம்பரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அறை எனக்கே கிடைத்தது. இதழ்களை வேனில் ஏற்றிய அன்று, "பாத்துப்பா, விளம்பரம் கிழிஞ்சுடப் போகுது!" என்று சுமை தூக்குபவரை அதட்டியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் என் கணவர்தான்.

திறப்பு விழாவன்று அண்ணன் மெல்ல என்னிடம் வந்தான்.

"குள்ளி, அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தர்றியா? என் தொகுதியில சேத்துக்கறேன்."

"உறுப்பினர் அட்டை வாங்குண்ணா. வரிசையில நின்னு பாரு."

போய் நின்றான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.