தேவையில்லாததை அடிக்கவும்

சோறு வேறு, அரிசி வேறு என்று நிரூபிக்க ஒருத்தி ஏழு மாதம் கோர்ட்டுக்கு நடந்தாள். நான் அப்போது வக்கீல் ஞானதுரையிடம் குமாஸ்தா. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றும் வயிறுதான் எரிகிறது.

எழுபத்து நாலில் கேரளாவுக்கு அரிசி கொண்டுபோகத் தடை. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் கூலிக்குப் போன அக்கம்மாளை மலையடிவாரச் செக்போஸ்ட்டில் ஏட்டு இறக்கினார். மூட்டை மூட்டையாக ஏற்றிய லாரிகள் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தன. அவற்றில் புண்ணாக்கு இருப்பதாகச் சீட்டு இருந்தது. ஏட்டுக்கு மாதக் கடைசி, ஒரு கேஸாவது காட்டியாக வேண்டும்.

"வாளியில என்ன?"

"சோறு ஏட்டையா. மத்தியானத்துக்கு."

அச்சடித்த படிவத்தில் மூன்று சரக்குகள் இருந்தன: நெல், ரா ரைஸ், பாயில்டு ரைஸ். கீழே 'தேவையில்லாததை அடிக்கவும்' என்று குறிப்பு. புழுங்கல் அரிசிக்குத்தான் இங்கிலீஷில் பாயில்டு ரைஸ் என்று பெயர். ஏட்டு யோசித்தார். நெல் இல்லை, அடித்தார். பச்சரிசி இல்லை, அதையும் அடித்தார். வாளியில் இருப்பது வெந்ததுதானே? மிஞ்சியதை அப்படியே விட்டுவிட்டு, பித்தளைத் தூக்குவாளிக்கு அரக்கு வைத்து சீல் போட்டார்.

எங்கள் வக்கீல் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஓர் ஆணை, அதற்குத் திருத்தம், திருத்தத்துக்கு விளக்கம், விளக்கத்துக்கு விதிவிலக்கு, அந்த விதிவிலக்கு யாருக்கெல்லாம் கிடையாது என்று நாலு பக்க அட்டவணை. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆத்தா, வாளி ஒன்னுதுன்னா, உள்ள இருந்தது கடத்தல் அரிசி இல்லைன்னு நீதான் நிரூபிக்கணும். அவுக ஒண்ணும் நிரூபிக்க வேண்டியதில்ல."

"தொறந்து பாத்தாத் தெரியாதாய்யா?"

திறந்தார்கள், ஏழாவது மாதத்தில். அரக்கை உடைத்ததும் மாஜிஸ்திரேட் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சோறாக இருந்து கெட்டதா, அரிசியாக இருந்து நனைந்து கெட்டதா என்று அரசு வக்கீல் கேட்டார். கேட்பது மட்டும்தான் அவர் வேலை, பதில் சொல்ல வேண்டியவள் அக்கம்மாள். தண்டனை என்றால் மூன்று மாதத்துக்குக் குறையாது. வீட்டில் பால் மறக்காத பிள்ளை.

இடைவேளையில் வக்கீல் அவளைத் தனியே அழைத்தார்.

"வாளியே என்னுது இல்லைன்னு சொல்லிரு. ஜீப்புல பத்துப் பொம்பளைக, பத்து வாளின்னு ஏட்டே காலையில ஒத்துக்கிட்டாரு. எது ஒன்னுதுன்னு காட்டுறது மட்டுந்தான் அவுக பொறுப்பு."

"அதுல எம்பேரு வெட்டியிருக்கேய்யா! எங்காத்தா சீருக்குக் குடுத்தது."

"கம்பத்துல எத்தனையோ அக்கம்மா. எந்த அக்கம்மான்னு அவுக நிரூபிக்கட்டும்."

கூண்டில் ஏறியதும், வாளி அவளுடையதா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவள் வாளியில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"என்னுது இல்லைங்கய்யா."

ஏழு மாதம் உண்மையைச் சொன்னாள், யாரும் காதில் வாங்கவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னாள், விடுதலை.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள். "வாளிய வாங்கித் தாங்கய்யா."

மனுப் போட வேண்டும் என்றேன். முதல் வரியே 'மேற்படி வாளி என்னுடையது' என்றுதான் எழுத வேண்டும், எழுதினால் கேஸ் திரும்ப உயிர்த்துவிடும் என்பதையும் சொன்னேன். ஜெயிலுக்குப் போகவேண்டுமோ என்று பயந்த நாளில்கூட அழாதவள், கோர்ட் படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சட்டப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

கேட்பாரில்லை என்று வாளியை ஏலம் விட்டார்கள்.

சில மாதம் கழித்து அந்தச் செக்போஸ்ட் வழியாகப் போனேன். ஏட்டு மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். புளி போட்டுத் துலக்கிய பித்தளையில் 'அக்கம்மாள்' என்ற எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

"வாளியில என்ன ஏட்டையா?" என்றேன்.

"பாத்தாத் தெரியல? சோறுய்யா" என்றார்.