கடைசி பெஞ்சில் ஓடை

பேக்கரியின் மேல்மாடியில் நடந்த சுற்றுச்சூழல் மேலாண்மைப் பயிலரங்குக்கு முதல் நாள் வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் பின்வருமாறு: கரும்பலகைக்குப் பக்கத்தில், மேசைக்குப் பின்னால், வெளியூரிலிருந்து அனுப்பப்பட்ட பயிற்சியாளர். முன் பெஞ்சில், கீழே அடுப்பைப் பையன்கள் கருக விடுகிறார்களா என்று மோப்பம் பிடிக்க வசதியாகப் படிக்கட்டை ஒட்டி, பேக்கரிக்காரர். ஜன்னலோரம், கால் நீட்டிக்கொண்டு, மெக்கானிக். மின்விசிறிக்கு நேர் கீழே, அந்த இடத்தை எவருக்கும் விடப்போவதில்லை என்ற முகத்தோடு, சலவைக்கடைக்காரி. அவள் முகத்தில் விழிக்காமல் இருக்கத் தோதாகத் தூண் மறைவில், கடைசி பெஞ்சில், அவளுடைய அண்ணன் மனைவியான சாயக்காரி. அதே பெஞ்சின் மறுகோடியில், கதவை ஒட்டி, தெருவின் பின்புறம் ஓடும் ஓடை.

ஓடை படியேறித்தான் வந்தது. ஓடையோடு சம்பந்தப்பட்ட அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும் என்று நகர அலுவலகம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தன்னைவிடச் சம்பந்தப்பட்டவர் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தோன்றியிருக்கலாம். வளர்ந்த ஆள் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டிருந்தது. தலைப்பக்கம் சோப்பு நுரை, தோளில் எண்ணெய்ப் படலம், மற்றபடி நல்ல நீலம். வாடையைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக் குழந்தையின் மூக்கொழுகலை யாரும் வெளியில் சொல்வதில்லை அல்லவா, அப்படி.

"பின்னால யாருங்க அது?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"ஓடை சார்."

"இந்தத் தெருதானா?"

"நாங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இங்கதான் சார்," என்றார் பேக்கரிக்காரர். பயிற்சியாளர் தலையாட்டிவிட்டு, சார்ட் பேப்பர் கட்டை மட்டும் மேசையின் மறுபக்கம் நகர்த்தி வைத்தார்.

ஓடை மாடியேறி வந்ததில் சாயக்காரிக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. நீலமாக வந்ததுதான் அவளைக் கூச வைத்தது. அன்று காலை அவள் திறந்துவிட்ட தொட்டியின் நீலம் அது, அச்சு அசலாக அதே நீலம். நாலு பேர் நடுவில் தன் வீட்டுத் துணியை ஒருவர் உடுத்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு. விரல் நுனியெல்லாம் நீலம் ஏறியிருந்த கைகளைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

நோட்டீஸில் இரண்டாவது பத்தி ஒன்றும் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள், ஓடையில் எது கலக்கிறது, அதை எப்படி நிறுத்தப்போகிறோம் என்று தெருவாசிகள் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே லாரிப் பாதை போடப்படும். பாதை வந்தால் கரையில் நிற்கும் சாயப்பட்டறை இடிபடும். அதற்குப் பயந்து, சாயம் என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தால் பட்டறைக் கதவில் அரக்கு முத்திரை விழும். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. கணவன் போன பிறகு அவளுக்கு வாசல் என்று இருந்தது அந்தப் பட்டறை ஒன்றுதான். எந்தத் துணி எந்த நிறத்தை எவ்வளவு நேரத்தில் குடிக்கும் என்பதைத் தவிர வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. ஆகவே வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் மாடிக்கு வந்திருந்தாள்.

இரண்டாம் நாள் பயிற்சியாளர் ஆளுக்கொரு சார்ட்டைக் கொடுத்து, அவரவர் இடத்தை வரைந்து, உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன என்று அம்புக்குறி போடச் சொன்னார். உள்ளே வரும் அம்புகள் எல்லார் சார்ட்டிலும் பளிச்சென்று இருந்தன: மாவு, விறகு, தண்ணீர், சோப்புக்கட்டி, என்ஜின் ஆயில், சாயப்பொடி. வெளியே போகும் அம்புகளுக்குத்தான் வாலிருந்தது, தலையில்லை. "இது எங்க போய் முடியுது?" என்று கேட்டால், மெக்கானிக் ஜன்னல் வழியாக ஏதோ முக்கியமான வாகனம் வருவதுபோல் பார்த்தான். பயிற்சியாளர் பொறுமைசாலி. நாலு சார்ட்டையும் வாங்கி, வீடுகள் இருக்கும் வரிசைப்படி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தரையில் விரித்தார். அப்போது ஓடை எழுந்து முன்னால் வந்தது. கூச்சப்படுகிறவர்கள் செய்வதுபோல் ஓரமாகவே நடந்துவந்து, சார்ட்டுகளின் மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

காகிதத்தில் ஈரம் ஒரு கோடாக ஊறியது. பேக்கரியின் கழுவுநீர் அம்பிலிருந்து புறப்பட்டு மெக்கானிக் ஷெட்டின் சுவருக்கு அடியில் நுழைந்தது. அங்கே கொஞ்சம் கறுத்து, சலவைக்கடைக்குள் போனது. நுரைத்துக்கொண்டு சாயப்பட்டறைக்குள் வந்தது. பட்டறையின் கோடியில், சொந்தக்காரர் ஊரிலேயே இல்லாத காலி மனையின் மதிலுக்கு அடியில் வெளியே வந்து நின்றது.

நடந்தது இதுதான். பல வருடங்களுக்கு முன்னால் கோடைதோறும் ஒரு அதிகாரி கரையோரம் நடந்து வருவார். எந்த வீட்டுச் சுவருக்கு அடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் ஒழுகுகிறதோ அந்த வீட்டுக்கு அபராதம் எழுதுவார். பேக்கரிக்காரர் புது அடுப்பு கட்டுகிறேன் என்று தரையைத் தோண்டி, யாருக்கும் தெரியாமல் தன் குழாயை மெக்கானிக் சுவர்வரை நீட்டிவிட்டார். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, மெக்கானிக் வண்டி நிறுத்தக் குழி வெட்டுகிறேன் என்று தன் குழாயைச் சலவைக்கடைக்குத் தள்ளினான். சலவைக்கடைக்காரி துவைகல் மாற்றும் சாக்கில் அண்ணி வீட்டுக்குத் திருப்பினாள். ஒவ்வொருவரும் தோண்டும்போது மேல்வீட்டுக் குழாய் ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. பழைய காலத்துக் குழாய் போலிருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று என்று அதிலேயே தங்களுடையதையும் சேர்த்துவிட்டார்கள். தெருவிலேயே கெட்டிக்காரர் தான் ஒருவர்தான் என்ற நிம்மதியில் அத்தனை பேரும் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறார்கள். பள்ளத்தில் கடைசியாக இருந்த சாயக்காரிக்குத் தள்ளிவிட ஆள் இல்லாததால், ஊரில் இல்லாதவரின் மதிலைத் தேர்ந்தெடுத்தாள்.

இரண்டு தொட்டித் தண்ணீருக்கு இவ்வளவு அழுக்கா என்று அவள் வருடக்கணக்காகத் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். இப்போது எழுந்து நின்றாள்.

"அப்போ இத்தனை நாளா என் வீட்டு வழியாத்தான் உங்க எல்லார் சாக்கடையும் போயிட்டிருந்துச்சா?"

"நீங்க மட்டும் பன்னீரா விட்டீங்க அண்ணி?" என்றாள் சலவைக்கடைக்காரி. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளின் மேல் பட்டறைக் கொடியிலிருந்து சிவப்புச் சொட்டி, விரிப்புகள் எல்லாம் ரோஜா நிறமாகிப் போன நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒரு வரிக்காகவே அத்தனை வருடம் காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

மெக்கானிக்தான் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து, எல்லார் மனத்திலும் இருந்ததைச் சொன்னான். "கோவிச்சுக்காதீங்க அக்கா. வெளிய தெரியிறது உங்க குழாய் ஒண்ணுதான். பட்டறைதான் காரணம், மூடிட்டோம்னு ஒரு வரி எழுதிட்டா, ஓடையும் பிழைக்கும், தெருவும் பிழைக்கும்."

பேக்கரிக்காரர் படிக்கட்டைப் பார்த்தார். சாயக்காரி தன் நாத்தனாரைப் பார்த்தாள். பழைய கணக்கைத் தீர்க்க நாத்தனாருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. சலவைக்கடைக்காரி மின்விசிறியின் கீழிருந்து அசையாமல், "மூடுவியா? அந்தக் குழாய மூடினா என் சோப்புத் தண்ணி எங்க போகும், உன் வீட்டு அடுப்படிக்கா?" என்றாள். "பேக்கரித் தண்ணி உன் குழியில நிக்கும், உன் ஆயில் என் துவைகல்லுல நிக்கும். அண்ணி பட்டறை இல்லாட்டி இந்தத் தெருவே மிதக்கும்டா. பெரிய யோசனை சொல்ல வந்துட்டான்."

அது பாசத்தில் சொன்னதா, குழாய்க் கணக்கில் சொன்னதா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. பயிற்சியாளர் மட்டும் தரையில் மண்டியிட்டு, ஈரக் கோட்டை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தெருவின் கழிவுநீரை ஒரே குழாயில் சேர்ப்பதற்கு மற்ற ஊர்களில் தான் வருடக்கணக்கில் கூட்டம் போட வேண்டியிருப்பதாகவும், இவர்கள் அதைத் திருட்டுத்தனமாகவே முடித்துவிட்டதாகவும் அவர் சொன்னார். ஒரே குழாய் என்றால் ஒரே சுத்திகரிப்புத் தொட்டி போதும். குழாயின் கடைசி வாய்க்கு முன்னால் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடம் சாயக்காரியின் கொல்லை. துணி உலர்த்த அவளுக்கு இருந்த ஒரே வெயில் அதுதான். அவள் உட்கார்ந்து யோசித்தாள். பக்கத்தில் ஓடையும் வந்து உட்கார்ந்தது. யோசிப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சற்றுத் தள்ளியே உட்கார்ந்தது. "இடம் தரேன். என் துணிய எங்க காயப் போடுறது?" என்று கடைசியில் அவள் கேட்டாள். "என் மொட்டை மாடி சும்மாதான கிடக்கு," என்று சலவைக்கடைக்காரி மின்விசிறியிடம் சொன்னாள். "சிவப்பு மட்டும் ஓரமாப் போடச் சொல்லுங்க."

மூன்று நாள் பயிலரங்கு அதன்பிறகு மழை வந்து முடியும்வரை நடந்தது. பயிற்சியாளரைத் திரும்ப அழைக்க அவருடைய அலுவலகம் மறந்துவிட்டது, அவரும் ஞாபகப்படுத்தவில்லை. காலையில் மாடியில் பாடம், மாலையில் கொல்லையில் வேலை. எண்ணெய் மிதந்து நிற்கும் முதல் பெட்டியை மெக்கானிக் பழைய தகரத்தில் செய்தான். பாவத்துக்குப் பரிகாரம் என்று மற்றவர்கள் கேலி செய்ததை வாங்கிக்கொண்டான். இரண்டாவது தொட்டிக்குப் பேக்கரி அடுப்பின் கரி. அதற்கடுத்து ஜல்லி, மணல், பிறகு கோரை நட்ட பாத்தி. கசடு வாரும் முறை வீட்டுக்கு ஒரு வாரம். முறை மறந்தவர் வீட்டு முற்றத்தில் காலையில் ஓடை வந்து நிற்கும், ஒன்றும் சொல்லாது, வாரும்வரை போகாது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து அச்சடித்த தாளின் மேல் வைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்கப் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார். முதலில் தலைப்புகூடத் தெரியவில்லை. பிறகு தலைப்பு தெரிந்தது. போகப்போகப் பேக்கரிக்காரர் குவளை வழியாகவே செய்தி படித்து, விலைவாசியைத் திட்டத் தொடங்கினார்.

கறுப்பு மட்டும் எதற்கும் மசியவில்லை. கரியைத் தாண்டி, மணலைத் தாண்டி, கோரையைத் தாண்டி, போட்டது போட்டபடி வெளியே வந்தது. கறுப்புச் சாயம்தான் சாயக்காரியின் வரும்படியில் பாதி; கோட்டுத் தைப்பவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். ஒரு நாள் முழுக்கக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கறுப்புப் பொடி மூட்டையை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். கோட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கஷ்டம்தான். பிறகு, சலவைக்கடை மொட்டை மாடியில் மஞ்சளும் பச்சையும் சிவப்பும் பறப்பதைப் பார்த்துவிட்டு, பாலத்தின் மேல் பேருந்தில் போகிறவர்கள் இறங்கி விலை கேட்க ஆரம்பித்தார்கள்.

ஓடைக்குத்தான் ஒரு சங்கடம். தெளியத் தெளிய அது கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. முதலில் நுரை போனது, பிறகு எண்ணெய்ப் பளபளப்பு, கடைசியில் நீலம். பெயர் கூப்பிடும்போது பயிற்சியாளர் கடைசி பெஞ்சை வெறுமையாகப் பார்ப்பார். சாயக்காரி பக்கத்தில் கை நீட்டித் துழாவி, விரலில் குளிர்ச்சி பட்டதும், "இருக்கு சார்," என்பாள். அவள் கையை அப்புறம் துண்டால் துடைத்துக்கொள்வதில்லை.

மழை ஓய்ந்த வாரம் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சாயக்காரியிடம் பேனாவைக் கொடுத்தார்கள். பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டுவிட்டு, முதல் வரியாக அவள் எழுதியது: ஓடையில் கலந்த சாயம் என்னுடையது. எட்டிப் பார்த்த மெக்கானிக் பதறினான்.

"அக்கா, அத ஏன் எழுதறீங்க? முத்திரை வச்சிட்டாங்கன்னா?"

"வைக்கட்டும். அப்போ தொட்டியப் பாக்கவாவது வந்துதானே ஆகணும்? வந்தா குவளைய நீட்டறேன்."

கொஞ்ச நேரம் அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "அப்போ ஆயில் என்னுதுன்னும் சேர்த்துக்குங்க," என்றான். சோப்பு, சாம்பல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்ததில் முதல் வரி ஒரு பத்தியாயிற்று. அதன் கீழே, என்ன செய்தோம், எப்படிச் செய்தோம், இனி யார் எந்த வாரம் கசடு வாருவார்கள் என்பதும். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பேக்கரிக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு காற்புள்ளி சேர்த்தார்.

தபாலில் போட்டால் கெடுவுக்குள் போய்ச் சேராது என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுநாளே கடைசி நாள். மெக்கானிக்கின் வண்டிகள் எல்லாம் வழக்கம்போல் பிரிந்து கிடந்தன; மழை அரித்த சாலையில் பேருந்தும் அந்த வாரம் ஓடவில்லை. என்ன செய்வது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சு கிரீச்சிட்டது. மேசையின் விளிம்பில் ஈரம் படிந்தது. நகர அலுவலகத்தின் பின்சுவரை உரசிக்கொண்டுதான் ஓடை ஆற்றுக்குப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே.

சாயக்காரி பட்டறைக்குப் போய், துணியில் நிறம் ஏறாமல் பூ விடுவதற்கு வைத்திருந்த மெழுகை உருக்கி எடுத்துவந்தாள். உறையை ஒட்டி, நான்கு ஓரமும் மெழுகு பூசி, ஒரு சொட்டு நீர் புகாதபடி மூடினாள். மெழுகு இறுகும்வரை ஓடை காத்திருந்தது. பிறகு உறை மேசையிலிருந்து எழும்பி, இடுப்பளவு உயரத்தில், ஆட்டம் அசைவில்லாமல் படியிறங்கிப் போனது.

எல்லாரும் ஜன்னலுக்கு வந்தார்கள். உறை பேக்கரிச் சந்து வழியாகக் கரைக்குப் போய், நீரோட்டத்தில் இறங்கி, கோரைப் பாத்தியைத் தாண்டியது.

"நனைச்சிடுமா அண்ணி?" என்று சலவைக்கடைக்காரி கேட்டாள்.

"சே, அதுக்குத் தெரியாதா," என்றாள் சாயக்காரி.

பாலத்துக்கு அடியில் உறை ஒரு தடவை வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு வளைவில் திரும்பி, அலுவலகம் இருக்கும் திசையில் போயிற்று.