இரும்பு குடித்த டீ

தரையில் டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரிக்கு வேலையிடத்தில் இரும்பு என்று பெயர். மாத்திரை என்ற ஒன்றைப் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை என்று மார்தட்டுகிற மனுஷர். அவரைப் பாடாய்ப் படுத்திய முட்டிவலி இந்த வருஷம் தானாகவே ஓடிப்போனதில் தலைகால் புரியவில்லை. "மனசு வச்சா வலி என்ன பண்ணும்?" என்று கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம் வேறு. அப்படிப்பட்டவர் சிமெண்ட் மூட்டை மேல் மயங்கி விழுந்தார். ஒரே வாந்தி, நிற்கவே தெம்பில்லை.

இப்போது ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டரம்மாவின் மேசையில் இருந்தது. இரும்பின் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சிறுநீரகத்துக்கு மேல அட்ரினல்னு ரெண்டு சுரப்பி இருக்கு. உடம்புக்குத் தெம்பு தர்ற கார்டிசோல் அதுலதான் சுரக்கும். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிதான் அதுக்கு மேஸ்திரி. ஏசிடிஹெச்னு ஒரு ஹார்மோன அனுப்பி வேலை வாங்கும்."

"கீழ இருக்கவன் வேலை செய்யலையா?" என்றார் இரும்பு.

"அப்படின்னா மேஸ்திரி கத்திக்கிட்டே இருப்பாரே, ஏசிடிஹெச் ஏறியிருக்கும். உங்களுக்கு ரெண்டுமே குறைவு. ஒண்ணு, மேஸ்திரிக்கே ஏதோ கோளாறு. இல்ல, வெளியிலேர்ந்து கார்டிசோல் மாதிரி சரக்கு வந்துக்கிட்டே இருந்து அவர் தூங்கிட்டார். பேர் தெரியாத வலி மாத்திரை சிலதுல அப்படி வேலை செய்யுற ஸ்டீராய்டு இருக்கும். திடீர்னு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும். அந்த மாதிரி ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நானா?" என்று அவர் சிரித்தார். "இவளையே கேளுங்க."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி, அப்ப தலையில கட்டி இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

ஸ்கேன் அறை வாசலில் அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனாள், பாட்டிலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் வேலை செய்கிற சலவைக்கடையில் அவளோடு இஸ்திரி போடுகிறவள் முட்டிவலிக்கென்று கொடுத்த வெள்ளை மாத்திரை. நல்லது சொன்னால் கேட்கிற மனுஷரா இவர்? அவருக்குத் தெரியாமல் பொடித்து, தினமும் காலை டீயில் கலந்தாள். முட்டிதான் சரியாகிவிட்டதே என்று அண்மையில் அவளே நிறுத்தியும் விட்டாள். சொன்னால் இனி தன்னை நம்புவாரா? சொல்லாவிட்டால்?

"கட்டின்னா தலையத் திறப்பாங்களாம்மா?" என்று அவர் அங்கே நின்ற நர்ஸிடம் மெல்லக் கேட்டார். அந்தக் குரலில் இரும்பு துளிகூட இல்லை.

அதற்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை. கையைப் பிடித்து அவரை மறுபடி டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்க. இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். மாத்திரை எழுதித் தர்றேன், நான் சொல்ற வரைக்கும் ஒரு நாள்கூட விடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். மேஸ்திரி முழிக்க மாசக்கணக்காகும்."

இரும்பு அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "அப்ப என் முட்டி தானா சரியாகலையா?" என்றார்.

அவள் மருந்துச்சீட்டை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவர் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தார். திட்டினாலாவது பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை அவள் எழுந்தபோது அடுப்படியில் அவர் நின்றிருந்தார். மாத்திரையைப் பிரித்து, அவள் பார்க்கவே வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து விழுங்கினார். பிறகு தானே போட்ட டீயில் ஒரு டம்ளரை அவள் முன்னால் நகர்த்தினார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடி," என்றார். "நான் எதுவும் கலக்கல."