வெறுந்தட்டு

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பழைய எகிப்தியரின் சாவு மந்திரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். செத்தவரின் நெஞ்சைத் தராசின் ஒரு தட்டிலும், ஓர் இறகை மறுதட்டிலும் வைப்பார்களாம். செத்தவரோ, திருடவில்லை, பொய் சொல்லவில்லை, எடையில் ஏமாற்றவில்லை என்று வரிசையாகச் சொல்ல வேண்டுமாம்.* தராசு என்றதும் மாமாவிடம் போனேன். அக்காவின் கணவர், கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பவர். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

(* தன் நெஞ்சிடமே 'எனக்கெதிராகச் சாட்சி சொல்லிவிடாதே' என்று கெஞ்சும் மந்திரமும் உண்டு. நானும் கெஞ்சிப் பார்த்தேன்.)

2
முதல் தொடக்கம்: 'நைல் நதியில் அந்தி சாயும் வேளையில்...' (அடித்துவிட்டேன். நைலை நான் எங்கே கண்டேன்?)

இரண்டாவது: 'அக்கா செத்து எட்டு மாதம் ஆகிறது.' (இருக்கட்டும்.)

3
பட்டறையில் மாமாவுக்கு அந்த மந்திரங்களை வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரும் கேக்காமலேயே இத்தன 'இல்ல'யா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற கதையால்ல இருக்கு! ஆமா, நெஞ்ச வைக்கிறதுக்கு முன்னாடி வெறுந்தட்டு பாத்தாங்களா?"

"அப்படின்னா?"

"தட்டு ரெண்டும் காலியா இருக்கும்போது முள்ளு நடுவுல நிக்கணும் மாப்ள. அதப் பாக்காம எத வச்சாலும் தப்பாத்தான் காட்டும்."

பிறகு முள்ளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எடையில ஏமாத்தலன்னு தைரியமா சொல்லிருவேன். கடைசி நேரத்துல அவள விட்டுட்டுப் போகலன்னு மட்டும் சொல்ல முடியாது. எவனோ ஒருத்தன் தராசப் பாக்கப் போயிட்டேனே. நல்லவேள, நீ பக்கத்துல இருந்த."

நான் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

4
(இவ்வளவு நல்லவர் கதையில் எடுபடுவாரா என்று சந்தேகம். கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கெட்டவன் வேண்டுமென்றால் ஆள் தேடி வெளியே போகத் தேவையில்லை.)

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் அக்காதான் அவரை விரட்டினாள். "என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காதீங்க. போய் வேலையப் பாருங்க. தம்பி இருக்கான்ல." அவர் போனதும் என்னிடம் சொன்னாள்: "அவரு பக்கத்துல இருந்தா எனக்குச் சாக மனசு வராதுடா. நீயும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

"சும்மா இரு அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே

(இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதிவிட்டேன்.)

டீ குடிக்கப் போனேன். கேன்டீனில் பழைய சிநேகிதன் ஒருவன், பேச்சு நீண்டது. திரும்பியபோது நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அக்கா சொன்னதை மாமாவிடம் சொன்னால், அடுத்து நான் எங்கே போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எட்டு மாதமாக அவருக்குச் சேர வேண்டிய வார்த்தையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

5
முடிவு ஒன்று: மாமா என்னை மன்னித்துக் கட்டிக்கொள்கிறார். (எனக்கு வசதியானது. அதனாலேயே வேண்டாம்.)

இரண்டு: என் முகத்திலேயே விழிக்காதே என்கிறார். (இதற்கும் நியாயம் உண்டு.)

மூன்று: நான் இதைக் கிழித்துப்போட்டுவிட்டு

இல்லை. இதை அவர் பட்டறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பூட்டு வாங்கப் போயிருக்கிறார். மேஜைமேல் அவர் சரிபார்த்து வைத்த தராசு. வெறுந்தட்டு பார்த்தேன், முள் நடுவில் நிற்கிறது. இந்தத் தாள்களை ஒரு தட்டில் வைக்கப் போகிறேன். மறுதட்டில் வைப்பது அவர் பாடு.

வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்கிறது. டீ குடிக்கப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.