கட்டில் இறக்கும் ஆட்டம்

விமர்சகர் எந்த வீடியோ கேமையும் விளையாடிவிட்டு எழுதுவதில்லை. படங்களைப் பார்ப்பார், தீர்ப்பை எழுதுவார், பத்திரிகைக்கு அனுப்புவார். பதினொரு வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதற்கு அவர் அனுபவம் என்று பெயர் வைத்திருந்தார்.

இந்த வாரத்து ஆட்டத்தில் இரண்டு பேர் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கட்டிலை இறக்க வேண்டும். அவ்வளவுதான். ஆட்கள் உருளைக்கிழங்கில் தீக்குச்சி செருகியதுபோல் இருந்தார்கள். படிக்கட்டு கோணல். சுவரின் நிறம் சுவரைத் தாண்டி வழிந்திருந்தது. 'வரையத் தெரியாதவர்களுக்கு எதற்கு இந்த வேலை' என்று முடித்து, காலையிலேயே அனுப்பிவிட்டார்.

ஆசிரியர் உடனே போன் செய்தார். "கிழிச்சிட்டீங்க சார். முதல் பக்கத்துல போடறேன். அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது. நீங்க விளையாடுற மாதிரி ரெண்டு படம் மட்டும் அனுப்புங்க."

படத்துக்காகத்தான் உட்கார்ந்தார். முதல் திருப்பத்திலேயே கட்டில் மாட்டிக்கொண்டது. கீழே நின்ற உருளைக்கிழங்கு நசுங்கி முனகியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பினார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு ஆளு யாரு?"

"கம்ப்யூட்டர்."

"அதான் மாட்டுது. அந்த ஆளை எங்கிட்ட குடுங்க."

சாப்பாடு மேசையில் ஆறியது.

"தலைமாட்டைத் தூக்குங்க. தூக்குங்கன்னா. நாம வீடு மாத்தினப்பவும் இப்படித்தான் வேடிக்கை பார்த்தீங்க."

"தூக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எங்க? சுவரைத் தூக்கிட்டு இருக்கீங்க."

இரண்டாவது மாடிக்கு வந்தபோது மணி நாலே கால். அப்போதுதான் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. ஆசிரியரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கட்டுரையை நிறுத்துங்க. ஆட்டம் நல்லாயிருக்கு."

"காலையில குப்பைன்னீங்க."

"காலையில விளையாடலை."

"விளையாடாம எப்படி எழுதினீங்க?"

கைவசம் ஐந்தாறு பொய்கள் இருந்தன. எதுவும் வாய்க்கு வரவில்லை. "எப்பவும் எழுதுற மாதிரிதான்" என்றார்.

"சரி, அதையே எழுதுங்க. நாலு பத்தி. உங்களை வெச்சுக்கலாமா வேணாமான்னு நாளைக்குப் பார்ப்போம்."

முதல் மூன்று பத்திகளில் தன்னையே கிழித்தார். கை பழகியிருந்ததால் சுலபமாக வந்தது. நான்காவதில் ஆட்டத்தைப் பாராட்ட வேண்டும். அதற்குப் பழக்கமில்லை. நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது, 'வயிறு வலிக்கச் சிரித்தேன்' என்று மட்டும் எழுதி அனுப்பிவைத்தார்.