புள்ளி வண்டுக்கு விட்ட செடி

தனலெட்சுமியின் டிரங்குப் பெட்டியைப் பெரியம்மா வள்ளியம்மா ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்பா சபாபதியின் பாடை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீடுகளைத் தாண்டிப் போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. நிறைமாதக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாதாம். அதுவரை பக்கத்து வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். பெற்ற அப்பன் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே என்ற ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

“சாவு விழுந்த வீட்ல பிரசவம் பாக்க முடியாதுடி. ரயிலேறி கிள்ளானுக்கே போயிரு. மாமியா வீட்ல பெத்துக்க” என்றாள் பெரியம்மா.

அம்மா இராஜம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“கொல்லைக்குப் போயிட்டு வரேன்” என்று தனலெட்சுமி நழுவினாள்.

கத்தரிப் பாத்தி தளதளவென்று இருந்தது. வேலியோரத்துச் சுண்டைச் செடி மட்டும் சல்லடையாக நின்றது. கத்தரியைத் தொடாமல் இருக்கட்டும் என்று புள்ளி வண்டுக்கென்றே அப்பா விட்டுவைத்த செடி. அதற்குத் தண்ணீர் வேறு ஊற்றுவார். அம்மா திட்டினால், “அதுங்களும் புள்ளத்தாச்சிதானே” என்பார் மனுஷன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பிரசவம் கிள்ளானிலா இங்கேயா என்று மூன்று நாளுக்கு முன்பு சம்பந்திகள் இழுத்துக்கொண்டிருந்தபோது, அவளை இந்தச் செடியருகில்தான் கூட்டி வந்தார். ஒரு வண்டு இலையைக் கடித்துப் பார்த்தது. பிடிக்காமல் அடுத்ததற்குப் போனது. அதையும் கடித்துவிட்டு, அடிப்பக்கமாக நுழைந்து மஞ்சள் முட்டைகளை நெருக்கி நெருக்கி நட்டது.

“பாத்தியா? வெயில் படாது, மழை படாது. பொறந்ததும் வாய்க்கிட்டயே சோறு. அதுக்கே எடம் பாக்கத் தெரியுது. நீ சொல்லும்மா, எங்க பெத்துக்கிறே?”

“இங்கதாம்ப்பா.”

அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னறையை அவரே ஒழித்தார். நேற்று அதற்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

தனலெட்சுமி அந்த இலையைத் திருப்பினாள். முட்டைகள் அப்படியே இருந்தன. இலையைப் பழையபடி விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“பெட்டிய எறக்குங்க பெரியம்மா.”

“ஊரு என்னடி சொல்லும்?”

“சொல்லட்டும். எங்கப்பா எனக்குப் பாத்து வச்ச எடம் இது.”

பெரியம்மா தங்கையைப் பார்த்தாள். இராஜம்மா எழுந்தாள். யாரையும் கேட்காமல் பெட்டியை இறக்கி, தானே பின்னறைக்குத் தூக்கிப் போனாள். தனலெட்சுமி பின்னாலேயே போனாள்.

ஜன்னலோரச் சுவரில் வெள்ளை பாதியோடு நின்றிருந்தது. தகர டின்னில் சுண்ணாம்பு இறுகி, வெள்ளையடிக்கும் மட்டை அதிலேயே ஒட்டிக் கிடந்தது. இராஜம்மா ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து டின்னில் ஊற்றினாள்.