கண்ணாடியோரத்து வெயில்

அண்ணனின் ஒரு காலைச் சர்க்கரை வியாதி கொண்டுபோன நாளிலிருந்து, சட்டைக் காலர் தைப்பவளுக்குத் தன் கால்மேல்தான் கண். அவளுக்கும் சர்க்கரை ஏறியது. டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, வைட்டமின் டி அடிமட்டத்தில் கிடக்கிறது, உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் முரண்டு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். சத்தியம் பண்ணவில்லை. மாத்திரை எழுதினார், உடம்பில் வெயிலும் படட்டும் என்றார். இவள் காதில் ஏறியது வெயில் மட்டும்தான். சும்மா கொட்டுகிற வெயில் இருக்க மாத்திரை எதற்கு என்று வாங்காமலே விட்டுவிட்டாள்.

சும்மா கொட்டுகிறதாம்! விடியுமுன் தையல் ஆலைக்குள் நுழைந்தால் இருட்டிய பிறகுதான் வெளியே விடுவார்கள். அந்தக் கூடத்தில் வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்று, திறக்க முடியாத பெரிய கண்ணாடிச் சன்னலோரம். அங்கே அண்ணியின் மெஷின் இருந்தது. அண்ணிக்குக் கண் மங்கல். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அந்த வெளிச்சம்தான் அவளுக்குச் சோறு போட்டது.

ஆனாலும் இவள் அந்த இடத்தைக் கேட்டபோது அண்ணி மறுக்கவில்லை.

"உங்க அண்ணன் பட்டதைக் கூட இருந்து பாத்தவ நான். நீ இங்க உக்காரு. எனக்கு ட்யூப்லைட் போதும்."

போதவில்லை. தையல் கோணியது, சட்டைகள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் ஏசிப் பார்த்தார், பிறகு அண்ணியை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். இவள் அழுதாள், சண்டை போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. இந்த இடத்தையாவது வீணாக்கக்கூடாது என்று, முகமும் கையும் சுடச்சுட உட்கார்ந்து தைத்தாள்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் துளியும் ஏறவில்லை. சர்க்கரைதான் ஏறியிருந்தது, குதிகாலில் வந்த புண்ணும் ஆறுவதாக இல்லை. எங்கே வெயில் காய்ந்தாய் என்று டாக்டரம்மா விசாரித்தார். சொன்னாள்.

"கண்ணாடி வழியா சூடுதாம்மா வரும். உனக்கு வேண்டியது வராது."

பாவி மகராசி, இதை அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடாதா? அவரைச் சொல்லி என்ன, வாய் திறந்து கேட்காதவள் இவள்தானே.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். வேலையில்லாத அண்ணி வாசற்படியில், உச்சி வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இன்னும் கறுத்திருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? வெயில் வேலை செஞ்சுதா?"

இவள் புண்காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மங்கல் கண்ணுக்கு எப்படியும் அது தெரிந்திருக்காது.

"செஞ்சுது அண்ணி. சர்க்கரை இறங்கிடுச்சு."

"அப்ப என் வேலை போனது வீண் போகல," என்றாள் அண்ணி. நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.